நுழைவதெல்லாம் பொருந்துமா?

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்த வசதிகள் இன்று மாளிகையில் மட்டுமன்றிக் குடிசையிலும் குடிபுகுந்துவிட்டன. கைப்பேசி, மடிக்கணினி, வைஃபை பெட்டி, தம்பியின் கீபோர்டு, பாட்டியின் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று ஒரு வீட்டில் எத்தனை எத்தனை சாதனங்கள்! இவற்றுள் பலவற்றுக்குத் துணையாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது ஒரு சிறு கறுப்புப் பெட்டி. அதுதான் அடாப்டர். சாதனத்தைத் துடைத்து, உறை போட்டுப் பாதுகாக்கும் நாம், இந்தக் கறுப்புப் பெட்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது கெட்டுப்போனாலோ காணாமற்போனாலோ, மேசை இழுப்பறையைத் துழாவி, கையில் அகப்பட்ட வேறொன்றை எடுத்துச் செருகிப் பார்க்கிறோம். "பின் உள்ளே போகிறதா? அப்படியானால் சரி" என்பதே நம் வீடுகளில் நடைமுறையில் இருக்கும் சட்டம்.

இந்தச் சட்டம் தவறானது என்பதே என் கருத்து. பூட்டுக்குள் நுழையும் சாவியெல்லாம் பூட்டைத் திறப்பதில்லை. ஆனாலும் தவறான சாவியால் பூட்டுக்கு ஆபத்தில்லை, திறக்காது, அவ்வளவுதான். தவறான அடாப்டரோ சாதனத்தையே அழித்துவிடக் கூடும். ஆகவே, செருகுவதற்கு முன் படிக்க வேண்டும். அதைப் படிக்கும் பொறுப்பை அண்ணனுக்கோ அப்பாவுக்கோ ஒதுக்கிவிடாமல் பெண் பிள்ளைகளாகிய நாமே ஏற்க வேண்டும். இவ்விரண்டையும் வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அடாப்டர் செய்யும் வேலை

நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தம் உடையது. ஒரு வினாடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் திசை மாறி மாறி ஓடுவது. இதை மாறுதிசை மின்சாரம் என்றும், சுருக்கமாக ஏ.சி. என்றும் வழங்குகிறோம். ஆனால் கீபோர்டுக்கோ வைஃபை பெட்டிக்கோ தேவைப்படுவது 9 வோல்ட் அல்லது 12 வோல்ட். அதுவும் ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம். பெரிய அணையின் நீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டால் வயல் என்ன ஆகும்? மதகு வைத்து அளந்துதானே விடுகிறார்கள்! அடாப்டர் அந்த மதகைப் போன்றது. 230 வோல்ட்டை வாங்கி, குறைத்து, திசையை ஒழுங்குபடுத்தி, சாதனத்துக்கு ஏற்றவாறு தருகிறது. எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று அறியாமல் மதகை மாற்றி வைப்பது போன்றதுதான் அடாப்டரை மாற்றிச் செருகுவது.

பெட்டியின் முதுகில் எழுதியிருப்பது

ஒவ்வொரு அடாப்டரின் முதுகிலும் பொடி எழுத்தில் சில வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். பார்த்தவுடன் மிரட்டுவது போல் தோன்றும். ஆயினும் ஆறு செய்திகளைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலாவது, 'இன்புட்' என்ற வரி. சுவரிலிருந்து எத்தகைய மின்சாரத்தை வாங்கும் என்பதை அது சொல்லும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால், அந்த அடாப்டர் அநேகமாக எல்லா நாட்டு மின்சாரத்துக்கும் ஏற்றது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். நமக்கும் இலங்கைக்கும் 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் பொருளில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் எச்சரிக்கை தேவை. கடையில் விற்கும் பிளக் மாற்றி, பின்னின் உருவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. 120 வோல்ட்டுக்கென்று செய்த தலைமுடி உலர்த்தியை 230 வோல்ட்டில் செருகினால், ஓம் விதியின்படி கணக்கிட்டால், அது இழுக்கும் திறன் மூன்றரை மடங்குக்கும் மேலாகும். அது கருகிப்போவதில் வியப்பென்ன?

இரண்டாவது, 'அவுட்புட்' என்ற வரியில் உள்ள குறி. ஒரு நேர்க்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தால் அது டி.சி. அலை போன்ற வளைகோடு இருந்தால் ஏ.சி. பெரும்பாலான அடாப்டர்கள் டி.சி. தருபவை. ஏ.சி. தரும் அடாப்டர்களும் சில பழைய சாதனங்களோடு வந்திருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது.

மூன்றாவது, வோல்ட். சாதனம் கேட்கும் வோல்ட்டும் அடாப்டர் தரும் வோல்ட்டும் சமமாக இருத்தல் வேண்டும். குறைந்தால் சாதனம் இயங்காது, அல்லது அரைகுறையாக இயங்கும். கூடினால் உள்ளே இருக்கும் நுண்ணிய உறுப்புகள் எரிந்துபோகக் கூடும். வைஃபை பெட்டிகளிலேயே சிலவற்றுக்கு 9 வோல்ட், வேறு சிலவற்றுக்கு 12 வோல்ட். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலவே இருக்கும்.

நான்காவது, ஆம்பியர். பலரும் குழம்புவது இங்கேதான். "2 ஆம்பியர் அடாப்டரை 1 ஆம்பியர் சாதனத்தில் போட்டால் வெடித்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். வெடிக்காது. வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது அடாப்டரால் அதிகமாக எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்பதன் அளவு. மொட்டைமாடித் தொட்டியில் ஆயிரம் லிட்டர் நீர் இருந்தாலும் குழாயில் நாம் ஒரு குடம்தானே பிடிக்கிறோம்! அதுபோலச் சாதனம் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆகவே அடாப்டரின் ஆம்பியர் சமமாக இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். குறைவாகத்தான் இருக்கக் கூடாது. குறைந்தால் அடாப்டர் சூடேறும்; வைஃபை பெட்டி அணைந்து அணைந்து எரியும்.

ஐந்தாவது, முனை. வட்டமான பின்னின் உட்துளை ஒரு முனை, வெளிவளையம் மறு முனை. இதைக் காட்ட ஒரு சிறு படம் இருக்கும். நடுவே ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பிறை போன்ற வளைவு, இரு பக்கமும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும். புள்ளியோடு எந்தக் குறி சேர்கிறதோ அதுவே உட்துளையின் முனை. காஸியோவின் பழைய கீபோர்டுகள் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுவில் எதிர்முனை. யமஹா கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட், நடுவில் நேர்முனை. இசை ஒன்றுதான், உணவு வேறு! சாதனத்தின் படமும் அடாப்டரின் படமும் ஒன்றுபோல் இருந்தால் மட்டுமே செருகலாம்.

ஆறாவதாகத்தான் பின்னின் அளவைப் பார்க்க வேண்டும். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் உள்ள பின்களிலேயே உட்துளை 2.1 மில்லிமீட்டர் உள்ளவையும் உண்டு, 2.5 மில்லிமீட்டர் உள்ளவையும் உண்டு. கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது அரிது. நாம் முதலும் முடிவுமாகப் பார்க்கும் பின், உண்மையில் ஆறாம் இடத்துக்கு உரியது என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டுகிறேன்.

பெயர் தந்த பெரியோர்

வோல்ட், ஆம்பியர், ஓம் என்பவை வெறும் அளவுகள் அல்ல, மனிதர்களின் பெயர்கள். இத்தாலியரான அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா 1800-ஆம் ஆண்டில் தம் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். இறைநம்பிக்கையில் உறுதியாக நின்ற கத்தோலிக்கர் அவர். பிரெஞ்சுக்காரரான ஆம்பியரின் வீட்டில்தான், பாரிஸ் நகருக்குப் படிக்க வந்த இளைஞர் ஃபிரடெரிக் ஓசானாம் தங்கியிருந்தார். 1833-இல் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய அதே ஓசானாம்தான்! வோல்ட்டா மறைந்த 1827-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியரான ஓம் தம் விதியை நூலாக வெளியிட்டார். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். இப்பெரியோர் உழைத்துக் கண்ட உண்மைகளை, தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோவது நன்றியுள்ள செயலாகுமா?

பெண் பிள்ளைக்கு ஏன்?

"இதெல்லாம் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். உனக்கு எதற்குக் கரண்ட் விஷயம்?" என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன், எனக்குத் தெரிந்த ஒரு பாடகர் குழுவில் கீபோர்டின் அடாப்டர் அறுந்துபோயிற்று. அன்பியங்களில் ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்றதைக் கொடுத்து வாங்கிய கீபோர்டு அது. உதவ வந்த ஓர் அண்ணன் தம் வீட்டு வைஃபை பெட்டியின் அடாப்டரைக் கொண்டுவந்தார். கீபோர்டு வாசிக்கும் அக்கா அதைத் திருப்பிப் பார்த்து, "அண்ணா, கீபோர்டிலே 9 வோல்ட்னு போட்டிருக்கு. இதிலே 12-னு இருக்கே. படமும் மாறியிருக்கே" என்றார். "பின் உள்ளே போகுதும்மா, அதெல்லாம் ஓடும். நீ வாசிக்கிற வேலையைப் பாரு" என்று பதில் வந்தது. அக்கா மேலே பேசவில்லை. பொத்தானை அழுத்தினார்கள். விளக்கு எரியவில்லை; கருகிய வாடைதான் வந்தது. அந்த ஆண்டு நடுச்சாமத் திருப்பலியில் கைத்தட்டலோடும் கஞ்சிராவோடும் பாடினார்கள். பழுதுபார்த்த செலவில் நல்ல அடாப்டர்கள் பல வாங்கியிருக்கலாம்.

அந்த அண்ணன் நல்லெண்ணத்தோடுதான் வந்தார். அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் அங்கே படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், படித்தும் சொன்னார். பெண் சொன்னாள் என்பதால் அந்தச் சொல் எடுபடவில்லை. அந்தக் கீபோர்டைக் கெடுத்தது 12 வோல்ட் மட்டும்தானா? ஒரு பெண்ணின் அறிவைப் பொருட்படுத்தாத பழக்கமும் அல்லவா? அடாப்டரின் முதுகில் உள்ள எண், படிப்பவர் ஆணா பெண்ணா என்று பார்த்து மாறுவதில்லை. பத்தாம் வகுப்பில் ஓம் விதியை நாமும் படிக்கிறோம், கணக்கும் போடுகிறோம். விடைத்தாளில் வரும் மின்னோட்டத்தைக் கணக்கிடத் தெரிந்த நமக்கு, வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டியைப் படிக்க மட்டும் தகுதியில்லையா?

"மின்சாரம் ஆபத்தானது, அதனால்தான் வேண்டாம் என்கிறோம்" என்று பெற்றோர் கூறலாம். அவர்கள் அச்சம் நியாயமானதே. அதனால்தான் நானும் சொல்கிறேன்: அடாப்டரைத் திறக்கக் கூடாது, பிய்ந்த வயரைத் தொடக் கூடாது, ஈரக் கையோடு பிளக்கைப் பிடிக்கக் கூடாது. அடாப்டரின் உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. சுவரிலிருந்து எடுத்த பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். பழுதுபார்ப்பது தொழில் தெரிந்தவர் வேலை. ஆனால் பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பது படிக்கத் தெரிந்தவர் வேலை. அடுப்பு ஆபத்தானது என்பதற்காக எந்தத் தாயும் மகளைச் சமையலறைக்குள் விடாமலிருப்பதில்லை. பக்குவம் கற்றுக்கொடுத்துத்தான் விடுகிறாள். மின்சாரத்துக்கும் அந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மலிவு என்னும் மயக்கம்

அசல் அடாப்டரின் விலையைக் கேட்டு மலைத்து, நடைபாதையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதை வாங்குகிறோம். எளிய குடும்பங்களுக்கு வேறு வழி என்ன என்று கேட்பது புரிகிறது. அதே நிறுவனத்துப் பொருள்தான் வேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன ஆறும் பொருந்தினால் வேறு நல்ல தயாரிப்பும் போதும். ஆனால் அது தரமானதாக இருத்தல் வேண்டும். கணினி போன்ற சாதனங்களுக்கும் ஒலி, ஒளிச் சாதனங்களுக்குமான அடாப்டர்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்துதான் விற்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் அதன்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போன்ற ஒரு குறியும் இருக்கும். அது இரட்டை மின்காப்பு உள்ளது என்பதன் அடையாளம். இவை எதுவுமில்லாத வெற்று முதுகோடு ஒரு பெட்டி வந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காமல் திரும்பிவிடுவதே நலம். பெயர் சொல்லத் தயங்குபவனை நாம் வீட்டுக்குள் விடுவோமா?

ஒரே பின் போதாதா?

இவ்வளவு தொல்லைக்கும் காரணம், ஆளுக்கொரு அளவில் சாதனம் செய்யும் நிறுவனங்கள் அல்லவா என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசி, டேப்லெட், கேமரா போன்றவற்றுக்கு யு.எஸ்.பி. சி வகைத் துளை கட்டாயமாயிற்று. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறிக்கப்பட்டது. பயன்படாமலும் தூக்கி எறியப்பட்டும் போகும் சார்ஜர்கள் அங்கே ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் மின்னணுக் குப்பையாகின்றன என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு. நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சி வகைக்கு 2022-ஆம் ஆண்டைய தர அளவு ஒன்றை வகுத்துள்ளது.

சி வகையின் சிறப்பு, பின்னின் உருவம் மட்டுமன்று. முறைப்படி செய்யப்பட்ட சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டுமே தரும். சாதனம் கேட்டால்தான், தன்னால் இயலுமானால், 9, 15, 20 வோல்ட் என்று உயர்த்தும். கேளாமல் கொடுப்பதில்லை, தாங்க முடியாததைத் திணிப்பதுமில்லை. மனிதருக்கும் ஏற்ற பண்பல்லவா இது! இந்த ஒழுங்கு எல்லாச் சாதனங்களுக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் வட்டப் பின் கொண்ட கீபோர்டுகளும் வைஃபை பெட்டிகளும் இன்னும் நம் வீடுகளில் பல ஆண்டுகள் உழைக்கப் போகின்றன. சட்டம் வந்து காப்பாற்றும் என்று அவற்றைக் கைவிட முடியுமா? அதுவரை நம் கண்ணே நமக்குக் காவல்.

நாம் செய்யக் கூடியவை

தோழியரே! இவ்வாண்டு விடுமுறையில் ஒரு பிற்பகலை இதற்காக ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள அடாப்டர்களையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றும் எந்தச் சாதனத்துக்கு உரியது என்று ஒரு சிறு தாளில் எழுதி, அதன் வயரில் ஒட்டிவையுங்கள். பொடி எழுத்து அழிந்துபோகுமுன் வோல்ட், ஆம்பியர், முனை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சாதனத்தை யாருக்கேனும் கொடுத்தால் அதன் அடாப்டரையும் சேர்த்தே கொடுங்கள்.

அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். ஓம் விதி நடத்தும் வாரத்தில் ஒரு பாடவேளையை, பழைய அடாப்டர்களை மேசையில் பரப்பி வைத்துப் படிக்கப் பழகுவதற்குத் தந்தால் நன்றாக இருக்கும். மின்சாரத்தில் செருகாமலே கற்கக் கூடிய பாடம் இது, செலவும் இல்லை.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "அப்பா, இது பொருந்தாது" என்று சொன்னால், "உனக்கென்ன தெரியும்?" என்று கேட்காதீர்கள். "எங்கே, காட்டு" என்று கேளுங்கள்.

ஆண்டவர் கூறிய பத்துக் கன்னியர் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. எண்ணெயைப் பற்றி முன்கூட்டியே சிந்தித்தவர்கள் ஐவர் மட்டுமே. அவர்களையே ஆண்டவர் அறிவுள்ளவர்கள் என்றார். சாதனம் நம் விளக்கு. அதற்கேற்ற மின்சாரமே எண்ணெய். விளக்கு வாங்குவதோடு நின்றுவிடாமல், எந்த விளக்குக்கு எந்த எண்ணெய் என்று அறிந்து வைப்போம். அறிந்ததை அஞ்சாமல் எடுத்துச் சொல்வோம். படிப்போம், பிறகு செருகுவோம்!